கர்னல் ஏன் திரும்பத் திரும்ப ரீபூட் ஆகிறது?

சொந்தமாக ஒரு கர்னல் (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) எழுதிப் பார்ப்பவர்களுக்கு இந்தக் குறிப்பு. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. டெஸ்க்டாப்பை மூடிவிட்டு லேப்டாப்பில் கியூஎமு எமுலேட்டரிலேயே (கம்ப்யூட்டரைப் போல நடிக்கும் மென்பொருள்) வேலையைப் பாருங்கள். ஐ686 கிராஸ் கம்பைலரை (கர்னலை 32-பிட் இன்டெல் வகை மெஷினுக்காக மொழிபெயர்க்கும் கருவி) கட்டுவது பாதியில் நின்றாலும் பயமில்லை. மேக் கட்டளையை மறுபடி கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். அரைகுறையாகக் கிடக்கும் ஆப்ஜெக்ட் ஃபைலை மட்டும் அழித்துவிடுங்கள்.

பூட் ஆவது பெரிய விஷயமில்லை. மல்டிபூட் ஹெடர் (பூட்லோடர் கர்னலை அடையாளம் காணும் குறி) கர்னல் ஃபைலின் முதல் 8192 பைட்டுக்குள் இருக்க வேண்டும், கர்னலை மெமரியில் 1 எம்பி முகவரியில் ஏற்ற வேண்டும், ஸ்டாக்குக்கு 16 கேபி போதும். டைமரை (சீரான இடைவெளியில் இன்டரப்ட், அதாவது குறுக்கீடு, எழுப்பும் சிப்) ஆன் செய்யும்போதுதான் வம்பு தொடங்கும்: திரை ஒரு நொடி மின்னும், மறுபடி பூட் ஆகும். ஒரு எக்செப்ஷனை (பிராசசர் கண்டுபிடிக்கும் பிழை) கையாளப் போய், அதிலும் தவறி, அதனால் எழும் டபுள் ஃபால்ட்டிலும் தவறினால் பிராசசர் ரீசெட் ஆகிவிடும். இதுதான் ட்ரிபிள் ஃபால்ட்.

கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கியூஎமுவில் 'டி இன்ட்' (-d int), 'நோ ரீபூட்' (-no-reboot) ஆப்ஷன்களைப் போட்டு ஓட்டுங்கள். லாகில் 'வி' என்ற எழுத்தை அடுத்து வெக்டர் எண் (எந்த எக்செப்ஷன் அல்லது இன்டரப்ட் என்று சொல்லும் எண்) ஹெக்ஸில் வரும். 0டி என்றால் 13, ஜெனரல் புரொடெக்‌ஷன். பெரும்பாலும் இதுதான் வரும். காரணம்: புது ஜிடிடியை (மெமரிப் பகுதிகளின் பட்டியல்) ஏற்றிவிட்டு ஃபார் ஜம்ப் (சிஎஸ் ரெஜிஸ்டரையும் மாற்றும் தாவல்) போட மறப்பது. கோட் செக்மென்ட்டைக் காட்டும் சிஎஸ் ரெஜிஸ்டரில் கிரப் பூட்லோடர் வைத்த பழைய செலக்டரே (பட்டியலில் இடத்தைச் சொல்லும் எண்) கிடக்கும். இன்டரப்ட் வரும்வரை ஒன்றும் தெரியாது. இன்டரப்ட்டை முடித்துத் திரும்பும் ஐரெட் கட்டளை அந்தப் பழைய எண்ணுக்குத் திரும்பும்போது, புதுப் பட்டியலில் அங்கே கோட் செக்மென்ட் இல்லையென்றால் மாட்டிக்கொள்ளும்.

எக்செப்ஷன் எதுவும் இல்லாமல், ஹார்ட்வேர் இன்டரப்ட் என்று 08 மட்டும் வந்தால் அது டபுள் ஃபால்ட் இல்லை. இன்டரப்ட்டுகளைப் பிராசசருக்கு அனுப்பும் பிக் சிப்பை ரீமேப் செய்யாததால் (அதன் வெக்டர் எண்களை மாற்றாததால்) டைமரே 8-ஆம் வெக்டரில் வந்து நிற்கிறது. நிஜமான டபுள் ஃபால்ட் ஸ்டாக்கில் எரர் கோட் வைக்கும், டைமர் வைக்காது. டபுள் ஃபால்ட்டுக்கான ஹேண்ட்லர் (அதைக் கையாளும் கோட்), இல்லாத எரர் கோடை எடுக்கப் போய் ஸ்டாக்கைக் குலைத்துவிடும்.

ரீமேப்புக்கு (எல்லாம் டெசிமலில்): 32, 160 போர்ட்டுகளுக்கு (சிப்போடு பேசும் எண் முகவரிகள்) 17 அனுப்புங்கள். பிறகு 33-க்கு 32, 161-க்கு 40. அடுத்து 33-க்கு 4, 161-க்கு 2. கடைசியாக 33, 161 இரண்டுக்கும் 1. டைமருக்கு 67-ஆம் போர்ட்டில் 54. பிறகு 64-ஆம் போர்ட்டில் 11932, கீழ் பைட் முதலில். 1193182 ஹெர்ட்ஸை இதால் வகுத்தால் நொடிக்குச் சுமார் 100 துடிப்பு.

ஒரே ஒரு துடிப்போடு நின்றால், ஹேண்ட்லர் முடிவில் 32-ஆம் போர்ட்டுக்கு 32 அனுப்பவில்லை என்று அர்த்தம். கீபோர்டு ஒரு கீயோடு நின்றால் 96-ஆம் போர்ட்டைப் படிக்காமல் விட்டிருப்பீர்கள்.

நிஜ மெஷினில் போட ஆசையா? பழைய பயாஸ் கம்ப்யூட்டராகத் தேடுங்கள். பயாஸுக்குப் பதிலாக வந்த யூஈஎஃப்ஐ மட்டும் உள்ளதில் விஜிஏ டெக்ஸ்ட் திரையை நம்ப முடியாது. பிக் கட்டளைகளுக்கு நடுவே 128-ஆம் போர்ட்டில் ஒரு பைட் எழுதிச் சற்றுத் தாமதியுங்கள். கியூஎமு இதைக் கேட்பதில்லை, பழைய சிப் கேட்கும்.