ஒரு நிமிஷத்தில் எத்தனை விலங்கு?

"உனக்குத் தெரிந்த விலங்குகளையெல்லாம் ஒரு நிமிஷத்துக்குள் சொல்லு." குழந்தையின் சொல்லோட்டத்தை, அதாவது சொற்கள் எவ்வளவு சரளமாக வருகின்றன என்பதை, பார்க்க இதுவே போதும். சொன்னதைச் சொன்ன வரிசையிலேயே எழுதி, 15 விநாடிக்கு ஒரு கோடு போடுங்கள். முதல் கோட்டுக்குள் மளமளவென்று கொட்டும், பிறகு வறண்டுவிடும். பெரியவர்களுக்கும் அப்படித்தான்.

ஏழு வயதுப் பிள்ளை நாய், பூனை, மாடு, ஆடு என்று போய் நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் "நாய்" என்னும். பதினொரு வயதுப் பிள்ளை வீட்டு விலங்கு தீர்ந்ததும் காட்டுக்குத் தாவும், பிறகு கடலுக்கு. ஒரு கூட்டத்துக்குள் தொடர்ந்து சொல்வது, கூட்டம் விட்டுக் கூட்டம் தாவுவது என்று 1997இல் ஏஞ்சலா ட்ராயர் என்ற ஆய்வாளரின் குழுவினர் இதைப் பிரித்துக் காட்டினார்கள். தாவுவதற்கு மூளையின் முன்பகுதி நிறைய உழைக்க வேண்டும். அது பதின்வயது தாண்டியும் முதிர்ந்துகொண்டே இருக்கும் பகுதி.

அதனால் எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். நிமிஷம் முடிந்ததும் "காட்டில் என்னென்ன இருக்கும்?" என்று கேளுங்கள். சிங்கம், புலி, கரடி என்று வந்துவிட்டால், சொல் உள்ளே இருக்கிறது, தேடத்தான் இன்னும் பழகவில்லை. அப்போதும் வராவிட்டால் சொல்லே குறைவாக இருக்கலாம். இரண்டுக்கும் மருந்து வேறு.

ஓர் எழுத்தைச் சொல்லி, அதில் தொடங்கும் சொற்களைக் கேட்பது இன்னும் கடினம். மனம் சொற்களைப் பெரும்பாலும் பொருளால்தான் தேடிப் பழகியிருக்கிறது. தமிழில் தனிச் சிக்கலும் உண்டு. 'க' என்று கேட்டால் கிளியும் குதிரையும் சேருமா? சேருமா, சேராதா என்பதை முதலிலேயே குழந்தையிடம் சொல்லிவிடுங்கள். பலர் கோட்டை விடும் இடம் இதுதான். ண, ழ, ள வேண்டவே வேண்டாம், அவற்றில் சொல் தொடங்காது. இ, உ இரண்டையும் தவிர்ப்பது நல்லது. பேச்சில் இலை 'எலை' ஆகிறது, உடம்பு 'ஒடம்பு' ஆகிறது. காதில் கேட்டபடி சொல்லும் பிள்ளைக்குத் தப்பு போடுவது அநியாயம். க, ப, ம சரியாக வரும்.

'லயன்' என்றாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். சிங்கமும் லயனும் சேர்ந்து வந்தால் ஒன்றாக எண்ணுங்கள். குழந்தையை எழுதச் சொல்லாதீர்கள், கை வேகம்தான் தெரியும். நடுவில் திருத்தவும் வேண்டாம். ஒருமுறை "தப்பு" என்றால் அடுத்த பத்து விநாடி போச்சு.

பழக்குவதற்கு, தோசை வேகும் நேரத்தில் "சமையலறையில் உருண்டையாக இருப்பது என்ன?" என்று கேளுங்கள். பிள்ளை நின்றதும் விடையைச் சொல்லாமல், "சரி, இப்போ தோட்டத்தில்?" என்று இடத்தை மட்டும் மாற்றிக் கொடுங்கள்.