வாசலுக்கு வெளியே நடந்தவர்கள்

ஜப்பானின் கோயாசான் மலைக்கு அம்மாவைக் கூட்டிப்போக முடிந்ததே கேபிள் ரயிலால்தான். அவளுக்கு முழங்கால் வலி. அடிவார ஸ்டேஷன் பெயர் கோகுராகுபாஷி. சொர்க்கப் பாலம் என்று பொருள். நம்ம பழனி விஞ்ச் மாதிரிதான்: ஒரே கம்பிவடத்தில் இரண்டு பெட்டிகள், ஒன்று இறங்கும் கனம் மற்றது ஏறக் கைகொடுக்கிறது. பெட்டிக்குள்ளேயே படிக்கட்டு. பாதி வழியில் எதிர்ப்பெட்டி பக்கத்தில் கடந்தபோது அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஐந்தே நிமிடத்தில் சுமார் 330 மீட்டர் ஏறிவிட்டோம்.

அப்புறம் பஸ். நியோனின்தோவில் இறங்கினோம். பெண்கள் மண்டபம் அது. கோபோ தாய்ஷி என்று வணங்கப்படும் பௌத்தத் துறவி கூகாய் 816-ல் தொடங்கிய துறவியர் மலை இது; பல நூற்றாண்டுகள் பெண்கள் உள்ளே கால் வைக்க முடியாது. 1872-ல் அரசு தடையை நீக்கியது, இங்கே அது நடைமுறைக்கு வர மேலும் பல வருஷம் ஆயிற்று. அதுவரை ஏழு வாசல்களிலும் இப்படியொரு மண்டபம். மிஞ்சியது இது ஒன்றுதான். பெண்கள் இங்கே தங்கி ஜெபித்து, மலை விளிம்பைச் சுற்றியே நடந்திருக்கிறார்கள். அந்தத் தடத்துக்கு நியோனின்மிச்சி என்று பெயர். தெற்கே அதில் ரோகுரோ என்றொரு கணவாய். ஜப்பானியக் கதைகளில் வரும் நீள் கழுத்துப் பேய்க்கு ரோகுரோகுபி என்று பெயர். கோயில் தெரியாதா என்று பெண்கள் அங்கே நின்று அதைப்போலக் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்ததால் கணவாய்க்கு வந்த பெயராம்.

"கும்பிட வந்தவங்களை வெளியவே நிறுத்திட்டாங்களேடி," என்றாள் அம்மா. வெகுநேரம் பேசவில்லை.

அவளை அங்கேயே உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் எதிரே பென்டென் மலைக்கு ஏறுவதாகத்தான் ஏற்பாடு. 984 மீட்டர் உச்சியில் பென்சைதென்னுக்குச் சின்னக் கோயில்.

"யாரது?"

"சரஸ்வதிதாம்மா. இங்கே அந்தப் பேரு."

சரி, அவ்வளவுதான். கைத்தடியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

தேவதாரு வேர்கள் பாதையின் குறுக்கே படிபோலக் கிடந்தன, ஈரமாக. அம்மா ஒவ்வொன்றையும் தடியால் தட்டிப் பார்த்துத்தான் காலை வைத்தாள். உச்சியில், எங்கள் பூஜை அறையில் சொல்லும் அதே ஸ்லோகத்தை வாய்விட்டுச் சொன்னாள்.

மறுபக்கம் இறங்கினால் தாய்மோன், மலைக்குள் நுழையும் தலைவாசல்; 25 மீட்டர் உயரம், சிவப்பு. நான் போட்டோ எடுக்க நின்றேன். அம்மா நிற்கவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வலது காலை முன்னே வைத்து உள்ளே போனாள்.