எண்ணிக்கை பாஸ், நகர்வு ஃபெயில்

கல்யாணமாகி மூன்று வருஷம், குழந்தை இல்லை. கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டில் ஸ்கேன், மாத்திரை, விரதம் எல்லாம் மனைவிக்கு மட்டும்தான். என்னையும் டெஸ்ட் எடுக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

பொள்ளாச்சி டாக்டரம்மா முதல் நாளே என் பேரில் விந்து டெஸ்டுக்குச் சீட்டு எழுதினார். மூன்று நாள் விலகியிருந்து, வீட்டிலேயே எடுத்து, டப்பாவைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பைக்கில் கிளம்பினேன். வழியில் கோபாலபுரத்தில் லாரி வரிசை. போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம். "ஒரு மணி நேரத்துக்குள்ள வரணுங்க, இனி நகர்வு தப்பாத்தான் காட்டும்" என்று லேப்பில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த வாரம் அங்கேயே ஒரு சின்ன அறையில் கொடுத்தேன். வெளியே டோக்கன் கூப்பிடும் சத்தம். அதை விடுங்கள்.

விந்தணு எண்ணிக்கை ஒரு மில்லிலிட்டருக்கு 41 மில்லியன். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழ் எல்லை 16 மில்லியன்தான். ஆனால் மொத்த நகர்வு, அதாவது அசையும் விந்தணுக்கள், 28 சதவீதம். குறைந்தது 42 இருக்க வேண்டும். விந்தணுக்கள் கொத்தாக ஒட்டிக் கிடந்தன, சீழ் அணுக்களும் அதிகம். எரிச்சல், காய்ச்சல் எதுவுமே எனக்கு இருந்ததில்லை.

மருந்துக்கடைக்காரர் ரிப்போர்ட்டைப் பார்த்ததுமே ஓர் ஆன்டிபயாடிக்கை எடுத்து வைத்தார். நல்லவேளை, வாங்கவில்லை. டாக்டரம்மா கல்ச்சர், அதாவது விந்தில் இருக்கும் கிருமியை வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட், எடுக்கச் சொன்னார். சிறுநீர் கழித்துவிட்டு, கையையும் உறுப்பையும் சோப்புப் போட்டுக் கழுவி, லேப் தரும் டப்பாவின் உள்பக்கம் விரல் படாமல் எடுக்க வேண்டும். இல்லையென்றால் தோலில் இருக்கும் கிருமி வளர்ந்து, இல்லாத நோயைக் காட்டிவிடும்.

மூன்றாம் நாள் ஈ.கோலை என்று வந்தது. குடலில் சாதாரணமாக இருக்கும் கிருமி. அதன் உடம்பில் மயிரிழைகள் உண்டாம். அவை விந்தணுவின் மேலிருக்கும் சர்க்கரையைப் பற்றிக்கொள்ளும். ஒரே கிருமி இரண்டு மூன்றைப் பிடித்தால் கொத்தாகிவிடும். "ரெண்டு மாட்டை வாலோட வால் கட்டிவிட்ட மாதிரிங்களா?" என்றேன். சிரித்தார். எதிர்க்க வரும் வெள்ளணுக்கள் கக்குவதும் விந்தணுவைத்தான் அரிக்குமாம்.

எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று கல்ச்சரிலேயே தெரிந்ததால் அதைத்தான் கொடுத்தார். "மருந்து யாருக்குங்க மாப்ள?" என்றார் மாமியார். எனக்குத்தானுங்க என்றதும் பேச்சில்லை.

புது விந்தணு உருவாக இரண்டரை மாதம் ஆகுமாம். அதனால் மூன்று மாதம் கழித்துத்தான் மறு டெஸ்ட். நகர்வு 46. கிருமி இல்லை. குழந்தை இன்னும் தங்கவில்லை. கிருமிதான் காரணம் என்று டாக்டரம்மாவும் அடித்துச் சொல்லவில்லை. அடுத்த மாதம் மனைவிக்குக் கருக்குழாய் டெஸ்ட் இருக்கிறது. லீவு சொல்லிவிட்டேன்.