பத்துக்குப் பன்னிரண்டு அறையிலிருந்து மைதானத்துக்கு

ஜனவரி 3, சனி

காணும் பொங்கல் அன்று திண்டுக்கல் பக்கம் ஒரு பள்ளி மைதானத்தில் எங்கள் பாட்டுக்குழுவுக்கு நாற்பது நிமிடம். பறை மேடையிலேயே ஒலிக்கும். உறுமி அண்ணனுக்கு அன்று வேறு ஊரில் கோயில் விழா. அதனால் உறுமி, பேஸ், கீபோர்டு, கோரஸ் எல்லாம் நான் வீட்டில் பதிந்த ட்ராக்கிலிருந்துதான் வர வேண்டும்.

"நாம நெட்டுல ஏத்தினதையே போட்டுட்டா என்ன?" என்கிறான் தம்பி. ஹெட்போனுக்காக மிக்ஸ் செய்தது பதினெட்டு அங்குல பேஸ் பாக்ஸ்களில் என்ன பாடுபடும் என்பது அவனுக்குத் தெரியாது. என் அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. இந்த அளவு அறையில் 47, 56 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலி சுவருக்குச் சுவர் தேங்கி நிற்கும். நாற்காலியை நடுவில் போட்டால் அந்தச் சுரங்கள் காணாமல் போகும், சுவரோரம் நகர்த்தினால் வீங்கும். என் ஐந்து அங்குல மானிட்டர் ஸ்பீக்கர்களோ அதற்குக் கீழே எதையும் ஒழுங்காகக் காட்டுவதில்லை. கிக் டிரம்மும் பேஸும் மோதிக்கொள்ளும் இடமும் அதேதான். அங்கே காதை நம்பாமல், அலைவரிசை காட்டும் மீட்டரைத் திறந்துவைத்து வேலை செய்வதாக முடிவு.

ஜனவரி 5, திங்கள்

இன்று முழுக்க மோனோ, அதாவது இடமும் வலமும் ஒன்றாகச் சேர்ந்த ஒலி. விழா மைதானங்களில் பெரும்பாலும் இடம், வலம் என்று பிரித்துக் கொடுப்பதில்லை. கொடுத்தாலும், வலப்பக்கப் பெட்டிக்கு முன்னால் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவருக்கு இடப்பக்கம் மட்டும் ஓடும் கீபோர்டால் என்ன பயன்?

கீபோர்டில் அகலம் கூட்டும் எஃபெக்ட் ஒன்று இருந்தது. ஹெட்போனில் தலையைச் சுற்றிப் பரவும். மோனோ பொத்தானை அழுத்தினால் பாதிக்கு மேல் கரைந்துபோகிறது. எடுத்தாயிற்று.

உறுமிதான் சுவாரஸ்யம். இரண்டு முகத்துக்கும் தனித்தனி மைக் வைத்துப் பதிந்திருந்தோம். வளைந்த குச்சியால் இடந்தலையைத் தேய்க்கும்போது எழும் அந்த முனகல், இரண்டு ட்ராக்கையும் நடுவில் கொண்டுவந்ததும் சளி பிடித்த மாதிரி ஆகிவிட்டது. காரணம் எளிது. ஒரு தோல் உள்ளே போகும்போது உள்ளிருக்கும் காற்று மறு தோலை வெளியே தள்ளும். ஒரு மைக்கைவிட்டு விலகும் அசைவு மற்ற மைக்கை நெருங்கும் அசைவு. இரண்டையும் கூட்டினால் அடிக்குரல் ஒன்றையொன்று தின்றுவிடும். ஒரு ட்ராக்கில் மட்டும் போலாரிட்டியைத் திருப்பினேன், அதாவது ஒலியலையைத் தலைகீழாக்கினேன். முனகல் திரும்பி வந்தது, நெஞ்சுக்கூட்டில் உட்காரும் கனத்தோடு. அப்புறம் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் நடுவில் கட்டிப்போட்டேன்.

ஜனவரி 7, புதன்

இணையத்துக்கு ஏற்றிய மாஸ்டரில், அதாவது இறுதிப் பிரதியில், உச்சங்களை அமுக்கும் லிமிட்டர் அழுத்து அழுத்தென்று அழுத்தியிருக்கிறது. ஸ்பாட்டிஃபை அதை வழக்கமாக மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். (காதுக்குப் படும் சத்தத்தின் அளவுகோல்) அளவுக்கு இறக்கித்தான் ஒலிக்கவிடுகிறது என்பது வேறு கதை. மேடையில் இந்த அழுத்தமே எதிரி. சத்தத்துக்கு ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. ட்ராக் தர வேண்டியது அடிக்கும் அடிக்கும் நடுவே உள்ள ஏற்ற இறக்கம். அது நசுங்கியிருந்தால் கிக் குத்தாது, வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். மாஸ்டர் லிமிட்டரைக் கழற்றிவிட்டேன். உச்சம் மைனஸ் 3 டெசிபலைத் தாண்டாமல், எல்லாப் பாட்டும் ஒரே அளவில் கேட்கும்படி சமன் செய்தேன்.

இன்னொரு விஷயம். அக்கம்பக்கத்தாருக்குப் பயந்து ராத்திரியில் மெல்லிய ஒலியில்தான் மிக்ஸ் செய்கிறேன். மெல்லிய ஒலியில் நம் காது பேஸைக் குறைத்துக் கேட்கும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933இலேயே இதை அளந்து வரைபடமாகப் போட்டுவிட்டார்கள். வீட்டில் 'போதவில்லை' என்று ஏற்றிய பேஸ், மைதானத்து ஒலியளவில் போதும் போதும் என்றாகிவிடும். ஆகவே பேஸை 3 டெசிபல் இறக்கினேன். கோரஸில் 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் காதைக் கீறும் பகுதியையும் கொஞ்சம் வழித்தெடுத்தேன். இப்போது வீட்டில் கேட்டால் சப்பென்று இருக்கிறது. இருக்கட்டும்.

ஜனவரி 10, சனி

சவுண்ட் செட் அண்ணனின் குடோனுக்குப் போனேன். பொங்கலுக்கு முன் பெட்டிகளை ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருந்தார். "பென்டிரைவ் கொண்டுவந்திருக்கியா தம்பி?" என்றுதான் முதல் கேள்வி.

அந்தக் காலத்தில் ஜமைக்காவின் சவுண்ட் சிஸ்டம்காரர்கள் புதுப்பாட்டை அசிடேட் இசைத்தட்டில் ஒரே ஒரு பிரதி வெட்டி, அன்றைய ஆட்டத்திலேயே போட்டுப் பார்ப்பார்களாம். கூட்டம் ஆடினால்தான் அடுத்த வேலை. எனக்கு வாய்த்தது தகரக்கூரைக் குடோனும் ஒரு ஜோடி பேஸ் பாக்ஸும். அதுவே பெரிய உதவி. பழைய மாஸ்டரில் பேஸ் ஒரு சுரத்தில் மட்டும் குடோன் கதவையே ஆட்டியது. புதியதில் எல்லாச் சுரமும் வரிசையாக நடந்தது. உறுமி வந்தபோது அண்ணன் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

தைரியம் வந்து ஒன்று கேட்டேன். பேஸ் பாக்ஸ்களை இரண்டு பக்கமும் பிரித்து அடுக்கினால் மைதானத்தின் நடுக்கோட்டில் பேஸ் குவியும், பக்கவாட்டில் சில இடங்களில் ஒன்றுமே இருக்காது. எல்லாவற்றையும் மேடைக்கு முன்னால் நடுவில் சேர்த்து வைக்கலாமா?

"நீ சொல்றது சரிதான். ஆனா ரெண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு அடுக்கினாத்தான் கமிட்டிக்காரங்க காசு கொடுப்பாங்க."

இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது.

ஜனவரி 12, திங்கள்

ட்ராக்கை நான்காகப் பிரித்தேன்: தாளம், பேஸ், உறுமி, கீபோர்டும் கோரஸும். ஐந்தாவது வழியில் வேகம் பிடிக்க உதவும் கிளிக் சத்தம், பறை வாசிப்பவர் காதுக்கு மட்டும். எல்லாம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்புகள். ஒரே ஸ்டீரியோவாகக் கொடுத்தால் மிக்ஸரில் இருப்பவர் பேஸைக் குறைக்க ஈக்வலைஸரைத்தான் தொட வேண்டும், அதோடு உறுமியும் போகும். பிரித்துக் கொடுத்தால், அந்த ஒரு ட்ராக்கின் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை இறக்கினால் தீர்ந்தது.

ரிவெர்ப், அதாவது ட்ராக்கில் சேர்த்த செயற்கை எதிரொலி, பாதிக்கு மேல் போயிற்று. மைதானத்தின் மறுகோடியில் பள்ளிக் கட்டடம் இருக்கிறது, மேடையிலிருந்து சுமார் 50 மீட்டர். ஒலி போய்த் திரும்ப ஏறக்குறைய 0.3 நொடி. நிமிடத்துக்கு 100 பீட் வேகப் பாட்டில் அது சரியாக அரை பீட்டில் வந்து விழும். எதிரொலியை ஊர் தருகிறது, நான் வேறு எதற்குப் போட வேண்டும்?

ட்ராக்கிலிருந்த பறை சாம்பிளையும் (முன்பே பதிந்த பறை ஒலி) மேடைப் பறை ஒலிக்கும் இடங்களில் நீக்கிவிட்டேன். தைப் பனியில் தோல் தளரும். நெருப்பில் காட்டி ஏற்றினாலும் அரை மணியில் சுருதி இறங்கிவிடும். சாம்பிள் மட்டும் ஏறினது ஏறினபடி நின்றால் இரண்டு பறையும் சண்டை போடும்.

ஜனவரி 14, புதன்

போகி. லேப்டாப் சார்ஜரைச் செருகினால் 'ம்ம்ம்' என்று இரைகிறது. அந்த இரைச்சலை அறுக்க, கிரவுண்ட் லிஃப்ட் உள்ள டி.ஐ. பாக்ஸ் என்ற இணைப்புப் பெட்டியை இரவல் வாங்கியாயிற்று. தம்பியின் போனில் ஸ்டீரியோ பிரதி ஒன்று, அவசரத்துக்கு.

ஜனவரி 17, சனி

இரவு பன்னிரண்டு. வீடு வந்து சேர்ந்தோம்.

மிக்ஸர் வழக்கம்போல் மேடைக்குப் பக்கவாட்டில், பெட்டிகளுக்குப் பின்னால். கூட்டம் கேட்பது எதுவும் அங்கே கேட்காது. தம்பியை மைதானத்தின் நடுவில் நிறுத்தி, போனில் சொல்லச் சொல்ல அண்ணன் ஃபேடரை நகர்த்தினார். முதல் பாட்டு முடிவதற்குள் பேஸ் இன்னும் இறங்கியது, கோரஸ் ஏறியது. உறுமியை யாரும் தொடவில்லை.

மூன்றாவது பாட்டில் பறை ஒற்றையாகத் தொடங்கி, எட்டு சுற்று கழித்து உறுமி நுழையும். அந்த முனகல் பெட்டியிலிருந்து வந்ததும் முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து மேடையில் உறுமிக்காரரைத் தேடினார். காணவில்லை என்றதும் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அது பாராட்டா, புகாரா தெரியவில்லை.

பத்து மணிக்குள் ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும் என்ற விதி இருப்பதால் கடைசிப் பாட்டைப் பாதியில் முடித்தோம். எங்களுக்கு முன் பேசியவர்கள் எடுத்துக்கொண்ட நேரம் அது.

ஜனவரி 18, ஞாயிறு

தம்பி நடந்துகொண்டே போனில் பதிந்ததைக் கேட்டேன். பேஸ் நடுவில் குவிந்து, இடப்பக்க வேப்பமரத்தடியில் கிட்டத்தட்ட இல்லாமல் போய், டீக்கடை பக்கம் மறுபடி வருகிறது. அதைக் கோப்பில் சரிசெய்ய வழியில்லை. ஆனால் பேஸ் லைனுக்கு மேலே 200 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் முறுக்கு (டிஸ்டார்ஷன்) சேர்த்தால், அடிச்சுரம் எட்டாத இடத்திலும் அது என்ன வாசிக்கிறது என்று தெரியும். இன்று இரண்டு பாட்டில் செய்து முடித்தேன்.

மார்ச்சில் ஒரு கல்லூரி அரங்கத்தில் கேட்டிருக்கிறார்கள். நாலு பக்கமும் சிமென்ட் சுவர். மிச்சமிருக்கும் ரிவெர்ப்பும் போக வேண்டும். உறுமி அண்ணனுக்கு அந்தத் தேதி காலி என்பதால், அந்த ட்ராக்கை மியூட் செய்துவைத்தேன்.