இறுகிப்போன பிளக்: உடையாமல் கழற்றுவது, உடைந்தால் எடுப்பது

100 சிசி பைக்குகளில் பரவலாக வரும் சி7எச்எஸ்ஏ வகை ஸ்பார்க் பிளக்கின் த்ரெட் (மரை) 10 மி.மீ., பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி) 1 மி.மீ., ஸ்பேனர் பிடிக்கிற தலை 16 மி.மீ. அந்த 10 மி.மீ.க்குள்ளேதான் பீங்கானும் போயாக வேண்டும் என்பதால் சுற்றியிருக்கும் இரும்புச் சுவர் ரொம்ப மெல்லிசு. காரில் இருக்கும் 14 மி.மீ. பிளக் தாங்குகிற முறுக்கை இது தாங்காது. பெரும்பாலும் வாஷருக்குக் கீழே, த்ரெட் தொடங்குகிற பள்ளத்தில்தான் உடையும். தலையும் பீங்கானும் ஸ்பேனரோடு வந்துவிடும், த்ரெட் உள்ள உருளை மட்டும் ஹெட்டில் (சிலிண்டரின் மேல்மூடியில்) நின்றுவிடும்.

இறுகுவதற்குப் பல காரணங்கள் உண்டு. அலுமினிய ஹெட்டில் இரும்பு பிளக் இருக்கிறது. வாட்டர் வாஷ் தண்ணீர் தேங்கினால் இரண்டு உலோகமும் சேர்ந்து அரிக்கும். 10 முதல் 12 நியூட்டன் மீட்டர் போதும் என்கிற இடத்தில் நீளக் கம்பி போட்டு யாரோ முறுக்கியிருப்பார்கள். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை: த்ரெட் நீளம். 12.7 மி.மீ. வேண்டிய ஹெட்டில் 19 மி.மீ. பிளக்கைப் போட்டால், பிஸ்டனில் இடிக்காமல் தப்பினாலும், மிச்ச த்ரெட் பெட்ரோல் எரிகிற கம்பஷன் சேம்பருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் கார்பன் சுடப்பட்டுக் கெட்டியாகும். கழற்றும்போது அந்தக் கார்பன் ஹெட்டின் த்ரெட்டை அரைத்துக்கொண்டே வரும்.

எஞ்சின் சூடாக இருக்கும்போது கழற்றலாமா என்பது பழைய சண்டை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: 100 டிகிரி ஏறினால் 10 மி.மீ. அலுமினிய ஓட்டை சுமார் 0.023 மி.மீ. விரியும், இரும்பு 0.012 மி.மீ. கிடைக்கிற இடைவெளி 0.011 மி.மீ. மட்டுமே. அதற்காக, சூட்டில் இளகிய அலுமினிய த்ரெட்டைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. முதல் முயற்சி எப்போதும் ஆறிய எஞ்சினில்தான்.

பிளக்கைத் திருப்புவதற்கு முன் கண்ணாடி போட்டுக்கொண்டு, கம்ப்ரஸர் காற்றால் பிளக் இருக்கும் குழியை ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும். முன்சக்கரம் வாரியடிக்கிற மண் அத்தனையும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். பிளக் வெளியே வந்தவுடன் அந்த மண் நேராக சிலிண்டருக்குள் விழும். டூல் கிட்டில் வரும் தகரக் குழாய் ஸ்பேனர் இந்த வேலைக்கு ஆகாது. ஆறு முனை உள்ள 16 மி.மீ. ஆழ சாக்கெட், டி-ஹேண்டில், இரண்டும் வேண்டும். பன்னிரண்டு முனை சாக்கெட் தலையின் மூலைகளை மழுக்கிவிடும். சாக்கெட் சாய்ந்தால் பீங்கான் விரிசல் விடும்.

இனி ஆயில். ராத்திரி முழுக்க ஊற டபிள்யூடி-40 ஸ்பிரே ஆயிலை அடித்துவிட்டு, காலையில் ஒரே முறுக்கில் உடைத்தவர்கள் நிறைய. ஏன் பலிக்கவில்லை என்றால், நசுங்கிய வாஷர் வாயுவையே அடைத்து வைத்திருக்கிறது. ஆயிலை மட்டும் எப்படி விடும்? வாஷருக்கு மேலே குளம் கட்டி நிற்குமே தவிர, த்ரெட்டுக்கு ஒரு சொட்டும் போகாது. அதனால் முதலில் வாஷரை ஹெட்டிலிருந்து கிளப்ப வேண்டும். இறுக்குகிற பக்கம் ஒரு மயிரிழை, பிறகு கழற்றுகிற பக்கம் அரைக்கால் சுற்று. அங்கே நிறுத்தி, ஆயில் விட்டு, குறைந்தது 15 நிமிடம் காத்திருக்க வேண்டும். அசிட்டோனும் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) ஆயிலும் சரிபாதி கலந்தது இன்னும் நன்றாக இறங்கும். ஆனால் அது பெயின்டைத் தின்னும், தீப்பிடிக்கும்.

அமெரிக்காவில் 2004 முதல் 2008 வரை வந்த ஃபோர்டின் 5.4 லிட்டர் மூன்று வால்வு எஞ்சின், பிளக் உடைவதற்கே பேர்போனது. அதற்கு ஃபோர்டு கொடுத்த சர்வீஸ் குறிப்பிலும் வழி இதே மாதிரிதான்: கால் சுற்றுக்கு மேல் போகாமல் தளர்த்து, கார்புரேட்டர் கிளீனரை ஊற்று, 15 நிமிடம் பொறு, பிறகு முன்னும் பின்னுமாகத் திருப்பு.

முன்னும் பின்னும் என்றால் கால் சுற்று வெளியே, அரைக்கால் சுற்று உள்ளே. கீச்சென்று சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம், த்ரெட் காய்ந்திருக்கிறது, இன்னும் ஆயில் விடலாம். வர வர இறுக்கம் கூடினால் கார்பன் மாட்டுகிறது என்று அர்த்தம். அரைச் சுற்று உள்ளே விட்டு மறுபடி ஊறவைக்க வேண்டும். கை திரும்புகிறது, ஆனால் விட்டதும் ஸ்பிரிங் மாதிரி பழைய இடத்துக்கே வருகிறது என்றால் உடனே நிறுத்துங்கள். பிளக் திரும்பவில்லை, உருளை முறுகுகிறது. அடுத்தது உடைவுதான்.

உடைந்தேவிட்டால், வெளியே வந்த துண்டில் பீங்கான் மூக்கு முழுசாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு சில்லு குறைந்தாலும் அது சிலிண்டருக்குள் இருக்கிறது. கிக்கரைத் தொடாதீர்கள், அந்தச் சில்லு சிலிண்டரின் உள்சுவரில் கோடு போட்டுவிடும்.

ஒற்றை சிலிண்டர் வண்டியில் இந்தக் கட்டத்துக்குப் பிறகு ஹெட்டைக் கழற்றுவதே என் கட்சி. டைமிங் செயினைக் குறி பார்த்து விடுவித்து, ஹெட் நட்டுகளைக் கழற்றினால் ஹெட் மேசைக்கு வந்துவிடும். செலவு கேஸ்கட், ஓ-ரிங். ஹெட்டைக் கழற்றாமல் தோண்டுகிறவர்கள் மிச்சப்படுத்துவதும் அவ்வளவுதான்.

மேசையில் கிடைக்கிற பெரிய வசதி, சேம்பர் பக்கத்திலிருந்தும் வேலை செய்யலாம். கார்பனைப் பித்தளை பிரஷால் தேய்த்து, அந்தப் பக்கமும் ஆயில் விட்டு, ஹாட் ஏர் கன்னால் தண்ணீர்த் துளி சீறுகிற அளவுக்கு ஹெட்டைச் சூடாக்குங்கள். ஆயில் ஆவியில் தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். உடைந்த உருளைக்குள் இறக்கித் திருப்பி எடுக்கிற எக்ஸ்ட்ராக்டரில் நாலு பட்டை உள்ளதே நல்லது. சுருள் வகை ஆப்பு போல இறங்கி, மெல்லிய உருளையை விரித்து அலுமினியத்தோடு இன்னும் இறுக்கிவிடும். கார்பன் மோசமாக இருந்தால், வளைந்த எலக்ட்ரோடை வெட்டிவிட்டு எக்ஸ்ட்ராக்டரை சேம்பர் பக்கமாகவே போட்டு, அங்கிருந்து பார்க்கும்போது இடஞ்சுழியாகத் திருப்புங்கள். உருளை சேம்பர் வழியாகவே வரும். கார்பன் முனை நல்ல த்ரெட்டை உரசாது.

எக்ஸ்ட்ராக்டர் உள்ளே உடைந்தால் டிரில் அதில் ஏறாது. டை (அச்சு) செய்கிற பட்டறையில், மின்பொறியால் உலோகத்தை அரிக்கிற ஸ்பார்க் எரோஷன் மிஷினைத் தேட வேண்டியிருக்கும். அதற்கு முன் இன்னொரு வழி உண்டு: ஹேக்ஸா பிளேடால் உருளையின் உள்சுவரை இரண்டு இடத்தில், ஹெட்டின் த்ரெட்டைத் தொடாத ஆழத்துக்கு அறுத்து, சின்ன உளியால் உள்பக்கமாக மடக்கி எடுப்பது. பொறுமை இருந்தால் கூலி மிச்சம்.

த்ரெட் லேசாக அடிபட்டிருந்தால் மரையைச் சீர்செய்கிற த்ரெட் சேசரில் கிரீஸ் தடவி ஓட்டினால் போதும். போயேவிட்டால் ஹெலிகாயில் (புது மரையாக நிற்கும் கம்பிச் சுருள்), அல்லது லேத்தில் புஷ் (புது மரை உள்ள உலோக வளையம்). புஷ் போடுகிறவர் வாஷர் உட்காருகிற முகத்தை ஓட்டைக்குச் செங்குத்தாக எடுத்திருக்கிறாரா என்று பார்த்து வாங்குங்கள். சாய்ந்தால் கம்ப்ரஷன் கசியும்.

புது பிளக்கின் மேல்முனையில் ஒரு ரப்பர் குழாயைச் செருகி அதனாலேயே கடைசி வரை திருகுங்கள். த்ரெட் மாறி ஏறினால் குழாய் வழுக்கும். வாஷர் தொட்டதும் ஸ்பேனரால் அரைச் சுற்று. இறுகாமல் இருக்கத் தடவுகிற ஆன்டி-சீஸ் பசை வேண்டாம். என்ஜிகே கம்பெனி பிளக்கில் பூச்சு ஏற்கெனவே இருக்கிறது, பசையின் வழுவழுப்பில் கை தெரியாமல் கூடுதலாக இறுக்கிவிடும். அதே பழைய பிளக்கை மறுபடி போடுவதானால் வாஷர் முன்பே நசுங்கியது. கைமுறுக்குக்குப் பிறகு சுற்றில் பன்னிரண்டில் ஒரு பங்குதான்.