புத்தளம் உப்பளத்திலிருந்து வெண்மணல் வரை

2026 ஜனவரி 18, ஞாயிறு. நாகர்கோவில்.

அப்பாவின் ஸ்டுடியோவில், படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்கள் உட்காரும் முக்காலிக்கு நேர் எதிரே, ஒரு பழைய காலண்டர் தாள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் மாதமும் தேதியும் என்றைக்கோ கிழிந்துபோய்விட்டன. மிஞ்சியிருந்தவை ஒரு பாலைவனத்து விடியற்காலையும் அதன்மேல் எழும்பி நின்ற வெப்பக்காற்று பலூன்களும்தான். பாஸ்போர்ட் படத்துக்கு வருகிறவர்கள் முகவாயைத் தாழ்த்திக்கொண்டால், "அந்த மஞ்சள் பலூனைப் பாருங்க" என்பார் அப்பா. மஞ்சள் பலூன் இருந்த உயரம் முகவாய்க்கு மிகச் சரியான உயரம். கோட்டாறு சந்தைக்கு வந்துபோகிற வியாபாரிகள் முதல் கல்லூரிப் பிள்ளைகள் வரை, இந்த ஊரில் எத்தனையோ பேருடைய அடையாள அட்டையில் இருப்பது அந்தப் பலூனைப் பார்த்த பார்வைதான்.

அப்பா போய் மூன்றாவது ஆண்டு நடக்கிறது. நேற்று ஸ்டுடியோவுக்கு வெள்ளையடிப்பதற்காக அந்தத் தாளைக் கழற்றினேன். அதைச் சுருட்டி வைக்க மனம் வராமல் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான், அந்த இடத்துக்கே போய்ப் படம் எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

இடம், அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்திலுள்ள ஆல்புகெர்க்கி. 1972இல் ஒரு வணிக வளாகத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் 13 பலூன்களோடு தொடங்கிய விழா, 2000இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பலூன்களைக் கண்டது; இப்போது ஐந்நூறுக்கு மேல் பறக்கின்றன. படச்சுருள் காலத்தில் கோடாக் நிறுவனத்தின் பெயரைப் பல ஆண்டுகள் தாங்கியிருந்த விழா அது. அதன் படம் எங்கள் ஸ்டுடியோச் சுவர் வரைக்கும் வந்து சேர்ந்ததில் வியப்பில்லை. அக்டோபர் முதல் சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள் நடக்கும். இந்த ஆண்டு அக்டோபர் 3 முதல் 11 வரை. தங்கை ஃபீனிக்ஸில் இருக்கிறாள். அவளுடைய பேறுகாலத்துக்கு அம்மாவை அழைத்துப் போனபோது எடுத்த பத்தாண்டு விசா இன்னும் செல்லும். ஆகவே, பெரிய தடை ஒன்றும் இல்லை.

2026 பிப்ரவரி 8, ஞாயிறு.

மாப்பிள்ளை (தங்கையின் கணவர்) அனுப்பிய பயணப் பட்டியலைப் பார்த்தேன். பத்து நாளில் கிராண்ட் கேன்யன், மானுமென்ட் வேலி, வெண்மணல் (ஒயிட் சாண்ட்ஸ்) தேசியப் பூங்கா, பிஸ்டி, ஷிப்ராக், நடுவே ஒரு நாள் பலூன் விழா. அன்போடு போட்டுத் தந்த பட்டியல்தான். ஆனால் அது ஊர் பார்க்கிறவருக்கு உரியது, படம் எடுக்கிறவருக்கு உரியதன்று. கிராண்ட் கேன்யனையும் மானுமென்ட் வேலியையும் அடித்துவிட்டேன். அடிக்கும்போது மனம் வலித்தது உண்மை.

பலூன் பறப்பது காலையில் இரண்டு மூன்று மணி நேரம் மட்டுமே. வார இறுதிகளில் எல்லாப் பலூன்களும் சேர்ந்து எழும்புவது ஏழு மணிக்கு. அதற்கு முன்பு இருட்டிலேயே ஒரு சில பலூன்கள் ஏறி, உள்ளே தீ எரிய விளக்குபோல் ஒளிர்ந்துகொண்டு, மற்றவர்களுக்குக் காற்றைக் காட்டிக் கொடுக்கும். காற்று மிகுந்தால் சிவப்புக் கொடி ஏறும். அன்றைக்கு ஒன்றும் பறக்காது. கடல் கடந்து போய் ஒரே ஒரு காலைப்பொழுதை நம்பி நிற்பதில் எனக்கு உடன்பாடில்லை. தொடக்கத்தில் மூன்று காலை, கடைசியில் ஒரு காலை என்று நான்கை விழாவுக்கு ஒதுக்கிவிட்டு, இடையில் கிடைக்கிற நாட்களில்தான் பாலைவனத்தைச் சுற்ற வேண்டும் என்று மாப்பிள்ளைக்கு எழுதினேன்.

மற்றொன்றும் கணக்கில் வந்தது. அக்டோபர் தொடக்கத்தில் அங்கே சூரிய உதயம் ஏழு மணியை ஒட்டி. ஆனால் ஊருக்குக் கிழக்கே மூவாயிரம் மீட்டருக்கும் மேல் உயர்ந்த சாண்டியா மலை நிற்பதால், திடலில் நிற்கிறவருக்கு வெயில் இன்னும் தாமதித்தே வரும். மேலே ஏறிவிட்ட பலூன்கள் முதலில் வெயிலைப் பிடிக்கும், கீழே காற்று நிரப்பிக்கொண்டிருப்பவை நீல நிழலிலேயே இருக்கும். காலண்டர் தாளை எடுத்து வந்து பார்த்தேன். மஞ்சள் பலூனின் வலப்புறம் மட்டும் வெயில், தரையில் நிழல். அந்தப் படக்காரர் நின்றது அந்தச் சில நிமிடங்களுக்குள்தான்.

2026 மார்ச் 14, சனி. முட்டம்.

விழாவைப் பற்றிப் படித்தால் எங்கும் 'ஆல்புகெர்க்கி பெட்டி' என்ற சொல் வருகிறது. பலூனுக்குச் சுக்கான் கிடையாது. ஏறலாம், இறங்கலாம், அவ்வளவுதான். திசையைக் காற்றுதான் தர வேண்டும். இரவெல்லாம் குளிர்ந்த கனமான காற்று ரியோ கிராண்டே ஆற்றுப் பள்ளத்தாக்கின் வழியே வடக்கிலிருந்து தெற்காக வழிந்தோட, அதற்கு மேலே உள்ள காற்று தெற்கிலிருந்து வடக்காக வீசும் நாட்களில், பலூன்காரர் தாழப் பறந்து தெற்கே போய், உயர ஏறி வடக்கே திரும்பி, எழும்பின இடத்துக்குப் பக்கத்திலேயே இறங்கிவிடுகிறார். படித்துப் புரிந்ததே தவிர, மனத்தில் உருவமாக நிற்கவில்லை.

இன்று முட்டம் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே, ஐம்பது ஆண்டுகள் கட்டுமரம் ஓட்டிய பெரியவர் ஒருவரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, பேச்சோடு பேச்சாக இதைச் சொன்னேன். அவர் கொஞ்சமும் வியக்கவில்லை. "இதுல என்ன புதுசு மக்கா? மேல ஓடுத தண்ணி ஒரு பக்கம், அடியில ஓடுத தண்ணி ஒரு பக்கம். கயிறு சாயுத சாய்ப்புல தெரியும்லா" என்று சொல்லி, மடியிலிருந்து ஒரு தூண்டில் கயிற்றை எடுத்து, ஈயக்குண்டு தொங்க இரண்டு விரலால் பிடித்துக் காட்டினார். மறுகையால் கயிற்றின் நடுப்பகுதியை மெல்ல ஒரு பக்கமும், பிறகு குண்டை மறுபக்கமும் தள்ளினார். பாய் கட்டி ஓடிய காலத்தில் விடியற்காலையில் கரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்றைப் பிடித்துப் போய், வெயில் ஏறிய பிறகு கடலிலிருந்து கரைக்கு வீசும் காற்றில் திரும்பியதையும் சொன்னார். தரை குளிர்வதும் சூடேறுவதும்தான் இரண்டு இடத்திலும் காற்றை ஓட்டுகிறது. அங்கேயும் வெயில் ஏறித் தரை சூடானதும், பள்ளத்தாக்கில் தேங்கிய குளிர்காற்று கலைந்து, பெட்டி உடைந்துவிடுகிறது; அதற்குள் பலூன்கள் இறங்கிவிட வேண்டும்.

என் வேலைக்கு இதிலிருந்து கிடைத்தது இதுதான்: பெட்டி அமைந்த நாளில் பலூனைத் துரத்தி ஓடக் கூடாது. அதே பலூன் தலைக்கு மேல் திரும்பி வரும். இடத்தைத் தேர்ந்துகொண்டு காத்திருக்க வேண்டும். பெட்டி அமையாத நாளில் திடலில் நிற்பதில் பயன் இல்லை. வண்டியோடு காற்றுப் போக்கில் போக வேண்டும்.

2026 ஏப்ரல் 5, ஞாயிறு. புத்தளம்.

வெண்மணல் தேசியப் பூங்காவுக்கு ஒத்திகை பார்க்க நம் மாவட்டத்தில் வெள்ளை மணல் கிடையாது. முட்டத்துத் தேரி சிவப்பு. மணவாளக்குறிச்சிக் கடற்கரை கருமை. வெண்மைக்கு உப்பளம்தான் உண்டு. காலை ஐந்தரைக்கே புத்தளம் உப்பளத்துக்குப் போய்விட்டேன்.

பாத்திகளுக்கு நடுவே வரப்போரத்தில் உப்பு அம்பாரங்கள் வரிசையாக நின்றன. கேமரா எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக எண்ணியே ஒளியை அளக்கும். அதன் சொல்லை அப்படியே கேட்டு எடுத்த முதல் படத்தில், தும்பைப் பூப்போன்ற உப்பு அடுப்புச் சாம்பலாக வந்தது. ஒளியளவை ஒரு படி கூட்டினேன். ஒன்றேகாலில் வெண்மை வந்தது, உப்புக் கல்லும் தனித்தனியாகத் தெரிந்தது. இரண்டு படி கூட்டியபோது அம்பாரத்தின் வெயில் பக்கம் வெறும் வெள்ளைத் தாளாகிவிட்டது. சூரியன் சாய்வாக இருந்த அரை மணி நேரமும் ஒரே அம்பாரத்தின் ஒரு பக்கம் ஆரஞ்சு, மறுபக்கம் நீலம். அங்கே உப்பு வாரிக்கொண்டிருந்த அக்கா ஒருவர், "ஏழு மணி வரைக்கும்தான் தம்பி உப்பு பாக்க அழகு, அதுக்குப் பொறவு கண்ணக் குத்தும்" என்றார். எந்தப் பயிற்சி நூலும் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிடாது.

அங்குள்ள வெண்மணல், ஜிப்சம். கரும்பலகைச் சாக்கட்டியிலும் சிமென்டிலும் சேர்கிற அதே ஜிப்சம், சுமார் 710 சதுர கிலோமீட்டருக்குக் குன்று குன்றாகக் கிடக்கிறது. ஜிப்சம் நீரில் கரையும். சாதாரணமாக ஆறு அதைக் கரைத்துக் கடலில் கொண்டு சேர்த்துவிடும். நம் பழையாறு மணக்குடியில் கடலைச் சேர்கிறது. ஆனால் அங்கே துலரோசா வடிநிலத்துக்கு வெளியேறும் வழியே இல்லை. மலையிலிருந்து கரைந்து வந்த ஜிப்சம் ஏரியில் தங்கி, நீர் வற்றிப் படிகமாகி, உடைந்து, காற்றில் குவிந்தது. உப்பளத்தில் மனிதர் பாத்தி கட்டிச் செய்வதை அங்கே நிலமே செய்துகொண்டது. வெயிலிலும் அந்த மணல் காலைச் சுடாதாம்.

பூங்காவின் வாயில் காலை ஏழு மணிக்குத்தான் திறக்கும். அங்கே சூரியனும் அதை ஒட்டியே உதிப்பதால், உள்ளே மணற்குன்றுக்குப் போய்ச் சேர்வதற்குள் அக்கா சொன்ன அழகில் ஒரு பங்கு போய்விடும். ஆகவே, மாலையைத் தேர்ந்துகொண்டேன். சுற்றிலும் ஏவுகணைச் சோதனைத் தளம் இருப்பதால் சில நாட்களில் சாலையையே சில மணி நேரம் மூடிவிடுவார்கள்; முதல் நாளே அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தேசியப் பூங்காக்களில் டிரோனுக்குத் தடை என்பதால் அது வீட்டிலேயே இருக்கட்டும். மணலில் லென்ஸைக் கழற்றக் கூடாது. இரண்டு கேமராவில் இரண்டு லென்ஸை மாட்டிக்கொண்டே இறங்க வேண்டும்.

2026 ஏப்ரல் 12, ஞாயிறு.

சர்வதேச ஓட்டுநர் அனுமதிக்கு விண்ணப்பித்தாயிற்று. ஓராண்டு செல்லும் என்பதால் இப்போது எடுத்தாலும் போதும். அரிசோனா மாநிலம் கோடைக்காலத்தில் கடிகாரத்தை முன்னே தள்ளுவதில்லை, நியூ மெக்சிகோ தள்ளுகிறது. அக்டோபரில் எல்லையைத் தாண்டினால் ஒரு மணி நேரம் கூடிவிடும். திடலுக்கு நாங்கள் போய்ச் சேர வேண்டிய நாலரை மணி, ஃபீனிக்ஸ் கணக்கில் மூன்றரை. கேமரா, கைபேசி, கைக்கடிகாரம் மூன்றையும் ஒரே நேரத்துக்கு வைக்க வேண்டும்.

2026 ஏப்ரல் 26, ஞாயிறு.

பிஸ்டி, ஃபார்மிங்டன் ஊருக்குத் தெற்கே உள்ள பாழ்நிலம். காற்றும் மழையும் அரித்த பாறைகள் அங்கே காளான்போலக் குடை பிடித்து நிற்கின்றன. பாதையோ, தண்ணீரோ, விளக்கோ எதுவும் கிடையாது. வான்மீன்களைப் படம் எடுக்க அதைவிட நல்ல இருட்டு எளிதில் கிடைக்காது. அமாவாசை அக்டோபர் 10, சனிக்கிழமை. அன்றைய இரவைப் பிஸ்டிக்கு என்று குறித்து, தாளைச் சாப்பாட்டு மேசையில் வைத்திருந்தேன்.

அம்மா அதைப் பார்த்துவிட்டுச் சுவரிலிருந்த தினசரிக் காலண்டரை எடுத்து வந்து, அக்டோபர் வரைக்கும் தாளைத் தூக்கிப் பார்த்து, விரலை வைத்துக் காட்டினார்கள். புரட்டாசி மகாளய அமாவாசை. இந்த மூன்று ஆண்டும் அப்பாவுக்குக் கன்னியாகுமரி முக்கடல் சங்கமத்தில் பலிகர்மம் (நீத்தார் கடன்) செய்த நாள். ஊரில் ஒருவரும் மறக்காத அந்த நாளை, இருட்டுக்கு உகந்த இரவு என்று மட்டும் நான் குறித்து வைத்திருந்தேன். தலை நிமிர முடியவில்லை.

பயணத்தை அக்டோபர் 8ஆம் தேதியே முடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறேன் என்றேன். அம்மா சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அங்க ஆறு உண்டா மக்ளே?" என்று கேட்டார்கள். உண்டு, ஊருக்கு நடுவிலேயே ரியோ கிராண்டே ஓடுகிறது என்றேன். "ஓடுத ஆறுதானே? எங்க அப்பாவுக்குக் குழித்துறையில, ஆத்துலதான் பலி இட்டாங்க. வாவுபலின்னு ஊரே திரண்டு வரும். கடல்லதான் செய்யணும்னு யாரும் சொல்லல" என்றார்கள்.

2026 மே 17, ஞாயிறு.

திட்டம் முடிவாகிவிட்டது. ஆல்புகெர்க்கியில் முதலில் பேசிவைத்த விடுதி, விழா நாட்கள் என்று தெரிந்ததும் வாடகையை இரட்டிப்பாக்கியதால் அதை விட்டுவிட்டு, அரை மணி நேரத் தொலைவில் வேறு அறை எடுத்தோம். அக்டோபர் 2 ஃபீனிக்ஸிலிருந்து கிளம்பி, சுமார் 680 கிலோமீட்டர் ஓட்டி இரவுக்குள் ஆல்புகெர்க்கி. 3, 4, 5 காலைகள் விழாத் திடல். 5ஆம் தேதி பலூன்கள் இறங்கியதும் தெற்கே மூன்றரை மணி நேரம் ஓட்டி, மாலை வெயிலுக்கு வெண்மணல். ஒருவேளை அன்று சாலை மூடியிருந்தால், 6ஆம் தேதி மாலை கையில் இருக்கிறது. 7ஆம் தேதி இரவு பிஸ்டி. அமாவாசைக்கு மூன்று நாள் முன்பு தேய்பிறை நிலா பின்னிரவில்தான் எழும்பும்; எனக்கு வேண்டிய பால்வீதியின் நடுப்பகுதியோ இருட்டிய சிறிது நேரத்திலேயே தென்மேற்கில் சாய்ந்து மறைந்துவிடும். ஆகவே, அமாவாசை இரவை விட்டுக்கொடுத்ததில் இழப்பு ஒன்றுமில்லை. 8ஆம் தேதி ஷிப்ராக். அந்தப் பகுதிப் பழங்குடிகளான நவஹோ மக்களுக்குப் புனிதமான பாறை, அதில் ஏறத் தடை உண்டு, சாலையோரத்திலிருந்தே எடுப்பேன். 9ஆம் தேதி ஆல்புகெர்க்கிக்குத் திரும்புகிறோம்.

மாப்பிள்ளை நேற்று இரவு கூப்பிட்டார். "அத்தான், பத்தாம் தேதி நாம திடலுக்குப் போகவே வேண்டாம். காத்து தெக்கே இழுத்தா பலூனெல்லாம் ஆத்துக்கு மேலதான் வரும். சில பேரு கூடைய தண்ணியில தொட்டுட்டு மேல ஏறுவாங்க" என்றார். ரியோ கிராண்டேயில் பலூன்காரர்கள் அப்படி நீரைத் தொட்டு எழும்புவதை நானும் படங்களில் பார்த்திருக்கிறேன். கிழக்குக் கரையில் நின்றால், சாண்டியாவைத் தாண்டி வருகிற வெயில் முதுகுப் பக்கம் இருக்கும். இடத்தை முதல் நாள் மாலையே நடந்து பார்த்துவிட வேண்டும்.

குறிப்பேட்டில் அந்த நாளுக்கு எழுதியிருப்பது: அக்டோபர் 10, சனி, காலை ஆறு மணி, ஆற்றங்கரை. முதலில் பலி. எள்ளும் பச்சரிசியும் தங்கை ஃபீனிக்ஸிலிருந்து கொண்டுவருவாள். தர்ப்பையை நான் இங்கிருந்து கேட்டு வாங்க வேண்டும். 70–200 லென்ஸ், உதிரி பேட்டரி இரண்டு, காலண்டர் தாள்.