போட்டியாளரின் காரில் உட்கார்ந்து பார்த்த நாட்கள்

சென்னைக்குப் பக்கத்தில் ஒரு வாகன நிறுவனத்தின் வடிவமைப்புப் பிரிவில் எனக்கு வேலை. காரின் உள்பக்கம் என் பொறுப்பு. டேஷ்போர்டு, கதவின் உள்பட்டை, கைப்பிடி, இருக்கைக்கு அடியில் யாரும் கவனிக்காத பிளாஸ்டிக் மூடி வரை. இதற்காகத்தான் என்னை ஜெனீவா, ஃப்ராங்ஃபர்ட் கார் கண்காட்சிகளுக்கு அனுப்பினார்கள். கார் கண்காட்சி என்றதும் பலருக்கு மேடையும் விளக்கும், துணியை உருவியதும் மினுங்கும் புதுக் காரும்தான் நினைவுக்கு வரும். அந்தக் கொஞ்ச நேரத்துக்காக நாங்கள் போகவில்லை. பத்திரிகைக்காரர்கள் படம் எடுத்துக்கொண்டு அடுத்த அரங்குக்கு ஓடிய பிறகுதான் எங்கள் வேலையே தொடங்கும்.

பொதுமக்களை விடுவதற்கு முன்னால், பத்திரிகைக்கும் தொழிலில் இருப்பவர்களுக்கும் என்று தனியாக நாட்கள் உண்டு. அந்த நாட்களில் ஒரு நிறுவனத்தின் இன்ஜினீயர்கள் இன்னொரு நிறுவனத்தின் காரில் ஏறி உட்காருவார்கள். யாரும் தடுப்பதில்லை, ஏனென்றால் அவர்களின் ஆட்கள் அதே நேரத்தில் நம் காரில் உட்கார்ந்திருப்பார்கள். கதவுக்கும் பக்கத்துத் தகடுக்கும் இடையே உள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை சீராக இருக்கிறதா என்று நகத்தை வைத்துப் பார்ப்போம். டேஷ்போர்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் எவ்வளவு அமுங்குகிறது, க்ளவ் பாக்ஸ் மூடும்போது என்ன சத்தம் வருகிறது, பிளாஸ்டிக்கை வார்த்த அச்சின் கோடு கண்ணில் படாத இடத்தில் ஒளிந்திருக்கிறதா, எல்லாம் பார்ப்போம். பாடி வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் சட்டைப் பையில் சின்னக் காந்தம் வைத்திருப்பார். ஒட்டினால் ஸ்டீல், ஒட்டாவிட்டால் அலுமினியம் அல்லது பிளாஸ்டிக்.

இது கீழ்மட்ட இன்ஜினீயர்களின் வேலை மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2011-ல் ஃப்ராங்ஃபர்ட்டில் அப்போதைய ஃபோக்ஸ்வாகன் தலைவர் மார்ட்டின் விண்டர்கோர்ன், ஹூண்டாய் அரங்கில் புது ஐ30 காருக்குள் ஏறி உட்கார்ந்தார். ஸ்டீயரிங்கை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார். சத்தமே வரவில்லை. உடனே தன் வடிவமைப்புத் தலைவரைக் கூப்பிட்டு, இவர்களால் முடிகிறது, நம்மால் ஏன் முடியவில்லை என்று கேட்டார். யாரோ அதைப் படம்பிடித்துவிட, உலகம் முழுக்கப் பரவியது. உலகின் மிகப் பெரிய கார் நிறுவனங்களில் ஒன்றின் தலைவர், போட்டியாளரின் காரில் தன் கையாலேயே தெரிந்துகொண்ட விஷயம் அது. எந்த அறிக்கையும் அந்தக் கேள்வியை அவரிடமிருந்து வரவழைத்திருக்காது.

ஜெனீவாதான் எனக்கு மிகப் பிடித்த இடமாக இருந்தது. ஃப்ராங்ஃபர்ட்டில் ஜெர்மன் நிறுவனங்கள் முழுக் கட்டடங்களையே எடுத்துக்கொள்ளும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே கால் ஓய்ந்துவிடும். பாரிஸ் பிரெஞ்சுக்காரர்களின் வீடு. சுவிட்சர்லாந்தில் பெரிய கார் நிறுவனம் கிடையாது, அதனால் அங்கே எல்லாருமே விருந்தாளிகள். விமான நிலையத்தை ஒட்டிய பாலெக்ஸ்போ கண்காட்சி வளாகத்தில் சாதாரண கார்களும் ஃபெராரியும் பினின்ஃபரினா போன்ற இத்தாலிய வடிவமைப்பு நிறுவனங்களும் ஒரே கூரையின்கீழ் இருக்கும். ஒரே நாளில் ஒரு சுற்று சுற்றினால், தொழில் எந்தப் பக்கம் போகிறது என்பது காலிலேயே தெரிந்துவிடும். 1961-ல் ஜாகுவார் ஈ-டைப் ஸ்போர்ட்ஸ் கார் உலகத்துக்கு அறிமுகமானதும் இதே ஜெனீவாவில்தான்.

1905-ல் தொடங்கிய அந்தக் கண்காட்சி 2020 பிப்ரவரி 28 அன்று ரத்தானது. கொரோனா காரணமாக ஆயிரம் பேருக்கு மேல் கூடக் கூடாது என்று சுவிஸ் அரசு அறிவித்தது, அரங்குகளை ஏறக்குறைய கட்டி முடித்த நிலையில். பிறகு 2024-ல்தான் ஜெனீவாவில் மறுபடி நடந்தது, பெரிய நிறுவனங்களில் பெரும்பாலானவை இல்லாமல். 2019-ல் ஆறு லட்சம் பேர் வந்த இடத்துக்கு 1,68,000 பேர் வந்தார்கள். அந்த மே மாத முடிவில், இனி ஜெனீவாவில் நடத்தப்போவதில்லை என்று அறிவித்துவிட்டார்கள். செய்தியைப் படித்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை.

கொரோனாமேல் மட்டும் பழிபோடுவது சரியில்லை. சரிவு முன்பே தொடங்கிவிட்டது. ஃப்ராங்ஃபர்ட்டில் 2017-ல் சுமார் 8.1 லட்சம் பேர், 2019-ல் 5.6 லட்சம். அந்த ஆண்டு டொயோட்டா, நிசான், வோல்வோ, பெஜோ யாரும் வரவில்லை. பிறகு கண்காட்சியும் ம்யூனிக்குக்கு இடம்மாறியது. நிறுவனங்களின் கணக்கு எனக்கும் புரிகிறது. அரங்கு கட்டக் கோடிக்கணக்கில் செலவு, அதே நாளில் இன்னும் பத்துக் கார்கள் அறிமுகமாகும், நம்முடையது அதில் காணாமல் போகும். தனியாக ஒரு நேரலை வைத்தால் செலவும் குறைவு, கவனமும் முழுக்க நமக்கே. விளம்பரத் துறையின் பார்வையில் அது சரியான முடிவு. ஆனால் முடிவெடுத்த கூட்டங்களில் விளம்பரக் கணக்கை மட்டும்தான் வைத்தார்கள் என்று நினைக்கிறேன். இன்ஜினீயர்கள் என்ன கற்றுக்கொண்டு வந்தார்கள் என்பதைப் பற்றி அந்தக் கணக்கில் ஒரு வரிகூட எழுதவில்லை. போட்டியாளரின் காரை வாங்கிப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் எல்லா நிறுவனங்களிலும் உண்டு. ஆனால் அது விற்பனைக்கு வந்த பிறகுதான் முடியும், அதுவும் ஒன்றிரண்டு கார்கள்தான்.

பெயர் தெரிந்த நிறுவனங்களுக்கு வேண்டுமானால் கண்காட்சி தேவையில்லாமல் போகலாம், புதிதாக வருபவர்களுக்கு அப்படியில்லை. வியட்நாமின் வின்ஃபாஸ்ட் 2018-ல் பாரிஸில்தான் தன் முதல் கார்களைக் காட்டியது. 2025 ஜனவரியில் டெல்லிக் கண்காட்சிக்கு வந்தது, ஆகஸ்டில் தூத்துக்குடியில் தொழிற்சாலையைத் திறந்தது. கேள்விப்படாத பெயரைப் போன் திரையில் பார்த்து யாரும் பத்து, இருபது லட்சத்தைக் கொடுத்துவிட மாட்டார்கள். கதவைத் திறந்து மூடிப் பார்க்கணும், பின் இருக்கையில் வீட்டுப் பெரியவரை உட்காரவைத்துப் பார்க்கணும். ஷோரூமில் கூடவே ஒரு விற்பனையாளர் நிற்பார். கண்காட்சியில் வாங்க வசதியில்லாதவரும் கூச்சப்படாமல் ஏறி உட்காரலாம். டெல்லியில் அப்படி மகளுடன் உட்கார்ந்து வெளியே வர மனமில்லாமல் இருந்த அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது வீண் கூட்டமாகத் தோன்றியதே இல்லை.

இப்போது எங்கள் பிரிவில் புதிதாகச் சேரும் பிள்ளைகள், எந்தக் கண்காட்சிக்குப் போகலாம் சார் என்று கேட்கிறார்கள். சீனாவுக்குப் போங்கப்பா என்கிறேன், ஒற்றைப்படை ஆண்டில் ஷாங்காய், இரட்டைப்படை ஆண்டில் பெய்ஜிங். ஒரு காலத்தில் ஐரோப்பியக் கார்களைச் சீன இன்ஜினீயர்கள் படம் எடுத்தார்கள், இன்று ஐரோப்பியர்கள் அங்கே போய் எடுக்கிறார்கள். முதலில் உதிரிபாகம் செய்பவர்களின் அரங்குகளுக்குப் போகச் சொல்வேன். மூன்று ஆண்டு கழித்து நம் கார்களில் வரப்போவது அங்கேதான் மேசைமேல் கிடக்கும். அப்புறம் கார்கள், ஒவ்வொன்றிலும் பின் இருக்கையிலிருந்து தொடங்கி.